தாழையில் கட்டிய பச்சை நாடா

2017 மார்ச் 18, சனிக்கிழமை. லான்யூ தீவின் கிழக்குக் கரையில், ஒரு சாவுக்காகக் கடலோர இடுகாட்டுக்குள் போன ஆறு பேர், அந்த மாதத் தொடக்கத்தில் புதைத்த ஒருவரின் தலைமாட்டுக் கல் மேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கண்டார்கள். பாதி குடித்த பால் தேநீர். அடியில் ஜவ்வரிசி உருண்டைகள். உறிஞ்சுகுழல் செருகியபடியே இருந்தது. சுற்றிலும் ஏழெட்டு ஜோடி காலணித் தடங்கள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, தைதுங்கிலிருந்து அந்தத் தீவுக்குப் போகும் காலைக் கப்பலில் துப்பறியும் லியாவ் ஒரு காகிதப் பையை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் பத்திரிகை நிருபர், பத்து வருடமாகத் துப்பறியும் தொழில். இரண்டு தொழிலிலும் கடல் பயணம் அவருக்கு ஒத்துவந்ததில்லை. கப்பல் முழுக்க டீசல் வாடையும், அடுத்தவர் வாந்தியின் வாடையும் அடித்தன.

"அண்ணே, உள்ள இருக்கறதை எல்லாம் வெளிய விட்டுடாதீங்க. கொஞ்சம் ஆதாரம் மிச்சம் வைங்க," என்றாள் லிசின். அவருடைய உதவியாளர். தைதுங் பக்கத்து அமிஸ் இனப் பெண், முப்பத்து நாலு வயது. வாயில் பாக்கு ஒதுக்கியிருந்தாள். கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை.

"பேசாத. அந்த லெட்டரை எடு."

அவள் தன் பையைத் திறந்தாள். பையின் கைப்பிடியில் ஒரு பச்சை நாடா முடிச்சுப் போட்டிருந்தது. விடியற்காலையில் துறைமுகத்தில், சுற்றுலா நிறுவன முதலாளி வேய், இடுப்புப் பையிலிருந்து நாடாச் சுருளை உருவி, பல்லால் கடித்துக் கிழித்து, தன் கையாலேயே கட்டிய நாடா. எச்சில் ஈரம் காயாமல் இருந்தது.

"பத்து வருஷமா என் ஆளுங்களுக்கு இதான் அடையாளம்," என்று சொல்லியிருந்தார் அவர். "பச்சை நாடாவைப் பார்த்தா டிரைவர் தானா வந்து ஏத்திக்குவான். நீங்க சாதாரண டூரிஸ்ட் மாதிரிப் போங்க. மூணாம் நம்பர் வண்டி. நாள் முழுக்கக் கூடவே சுத்துங்க. சாயங்காலம் நாலரைக்கு ஊர்க்காரங்க கூடறாங்க. நான் மத்தியானக் கப்பல்ல வந்துடறேன். நீங்க எழுந்து, ஆமா, இவன்தான் அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் வேலை."

வேலைக்குக் காரணம் அந்தக் கடிதம். தைபேயிலிருந்து வந்த பயணி ஒருவர் எழுதியது. கையெழுத்து இல்லை, முகவரி இல்லை. மார்ச் 16ஆம் தேதி தீவுச் சுற்றுலாவில், வழிகாட்டி சி வாகாத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு எங்களை இடுகாட்டுக்குள் அழைத்துப் போனார், எலும்பைப் படம் எடுக்கச் சொன்னார், மிகவும் அருவருப்பாக இருந்தது என்று அதில் இருந்தது. டம்ளர் கிடைத்ததும் ஊர்க்காரர்கள் வேயிடம் சண்டைக்குப் போக, வேய் தொலைபேசியில், 'தப்பு மூணாம் வண்டிக்காரன்மேல. என்கிட்ட லெட்டர் இருக்கு,' என்று சொல்லிவிட்டார். யாரோ எழுதிய காகிதத்தை நம்பி ஒருவனைத் தள்ளி வைக்க மாட்டோம், வெளி ஆள் ஒருவர் விசாரித்துச் சொல்லட்டும் என்று ஊர் கேட்டிருந்தது. அந்த வெளி ஆள்தான் இப்போது காகிதப் பைக்குள் முகத்தை வைத்திருந்தார்.

"தள்ளி வைக்கறதுன்னா என்னண்ணே?"

"பத்துத் துடுப்புப் படகுல அவனுக்கு ஒரு இடம் இருக்கு. அது போயிடும். படகு போச்சுன்னா மீன்ல பங்கு இல்ல. அவன் வீட்டுக்கு யாரும் போக மாட்டாங்க, அவன் குழந்தையோட யாரும் விளையாட மாட்டாங்க. இப்பவே ஒரு வாரமாப் படகு கரையிலதான் கிடக்குதாம். அவனையும் ஏத்த முடியல, அவன் இடத்துல வேற ஆளும் உக்கார முடியல."

"கோலா மீன் வர்ற மாசத்துலயா?"

"ம்."

லிசின் கடிதத்தை மறுபடி மடித்தாள். "எழுதினவனுக்கு அருவருப்பா இருந்துச்சாம். ஆனா எலும்பை எல்லாம் பாத்து முடிச்சிட்டுத்தான் அருவருப்பு வந்திருக்கு."

துறைமுகத்தில் மூன்றாம் எண் வேன் நின்றிருந்தது. ஓட்டுநரே வழிகாட்டி. குட்டையான, தோள் அகன்ற மனிதன், நாற்பதுக்குள் இருக்கும். பச்சை நாடாக்களைப் பார்த்து ஆட்களை ஏற்றினான். இவர்களோடு, ஒரே மாதிரிப் பனியன் போட்ட தைச்சுங் நகரத்துத் தம்பதி, பின் வரிசையில் தூங்குவதற்கென்றே வந்ததுபோல மூன்று பேர். வண்டி நகர்ந்ததும் அவன் ஒலிபெருக்கியை எடுத்தான்.

"வணக்கம். நான் ஸ்யாமன் மனாயிக்."

லியாவ் லிசினைப் பார்த்தார். "வண்டி மாறி ஏறிட்டோமா?" என்று முணுமுணுத்தார்.

"மூணுதாண்ணே. கதவுல பாத்தேன்."

"ஸ்யாமன் மனாயிக்னா மனாயிக்கோட அப்பான்னு அர்த்தம்," என்று அவன் தொடர்ந்தான். "என் மக மனாயிக் பொறந்த அன்னிக்கு என் பழைய பேரு போயிடுச்சு. ஆறு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரம்மா சினான் மனாயிக், மனாயிக்கோட அம்மா. நாளைக்குப் பேரனோ பேத்தியோ வந்தா மறுபடி பேரு மாறும், நான் ஸ்யாபென் ஆயிடுவேன். எங்க தீவுல குழந்தைங்கதான் அப்பா அம்மாவுக்குப் பேரு வைக்கும்."

தைச்சுங் கணவன் சிரித்தார். "அப்போ பழைய பேரு என்னப்பா?"

"அது போயிடுச்சுங்க ஐயா." அவனும் சிரித்தான். தினமும் அதே இடத்தில் சிரித்துப் பழகிய சிரிப்பு.

தீவைச் சுற்றி முப்பத்தேழு கிலோமீட்டர் சாலை. அதில் இருக்கிற பாறைகளுக்கெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் மிருகப் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். முதலைப் பாறையில் பத்து நிமிடம், சிங்கப் பாறையில் பத்து நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் நாலு வேன் நிற்கும், எல்லாரும் இறங்கி ஒரே கோணத்தில் படம் எடுத்துவிட்டு ஏறுவார்கள். தைச்சுங் கணவன் சாலையோரம் மேய்ந்த ஆட்டுக்குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்திப் படம் எடுத்தார். அது கத்திக்கொண்டே மூத்திரம் பெய்ததும் கீழே போட்டுவிட்டு, கையைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் வேனின் இருக்கையில் துடைத்தார். லியாவ் அந்த இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கிழக்கு ஊரின் கரையில் செதுக்கு வேலை செய்த படகுகள் வரிசையாக நின்றன. சிவப்பு, கறுப்பு, வெள்ளை. அவற்றில் பெரியது பத்துப் பேர் உட்காரும் படகு. அதன் கீழே இழுத்த தடம் இல்லை, கால்தடம் இல்லை. காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் அடிப்பலகை வரை ஏறியிருந்தது. பனியன் மனைவி அதன் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனாள்.

"அம்மா, வேணாம்," ஓடி வந்தான் வழிகாட்டி. "பொம்பளைங்க படகைத் தொடக் கூடாது."

"நான் உக்காரலையே. காலைத்தானே வைக்கறேன்."

"அதுவும் வேணாம்மா."

"சரி, அப்போ நீ உள்ள ஏறித் துடுப்பைப் பிடி. உன்னை எடுத்துக்கறேன்."

அவன் நின்ற இடத்தில் நின்றான். அந்தப் படகில் இடது பக்கம் நாலாவது பலகை அவனுடையது என்று லியாவுக்குத் தெரியும். கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"என்னால ஏற முடியாதும்மா," என்றான்.

"ரொம்பப் பிகு பண்றான்," என்றாள் அவள், கணவனிடம், வழிகாட்டியின் காதில் விழும்படி.

லிசின் பாக்குச் சாற்றைத் துப்பினாள். "அண்ணே, நம்ம கேஸ்ல இந்த அம்மாவைக் கைது பண்ண ஏதாவது சட்டம் இருக்கா?"

ஊரைத் தாண்டியதும் சாலையின் கடல் பக்கம் அடர்த்தியான தாழைக் காடு தொடங்கியது. இடுகாடு அதற்குள்தான். ஒலிபெருக்கி நின்றுபோனது. காலையிலிருந்து ஓயாமல் பேசியவன் பேச்சை நிறுத்தி, முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, வேகத்தைக் கூட்டினான். உதடுகள் மட்டும் அசைந்தன.

"இங்கதானே அந்தப் பேய் எடம்?" கணவன் முன்னால் குனிந்தார். "நெட்ல போட்டிருந்துச்சே. கொஞ்சம் நிறுத்தேன், எட்டிப் பாத்துட்டு வந்துடறோம்."

வேன் நிற்கவில்லை. வழிகாட்டியின் பின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"முப்பத்தேழு கிலோமீட்டர்ல இவன் வாயை மூடின ஒரே எடம்," என்றாள் லிசின் மெதுவாக. அவள் கைபேசி ஜன்னல் ஓரமாக இருந்தது. ஆறு படம் எடுத்திருந்தாள். பிறகு அதிலொன்றை விரலால் பெரிதாக்கி லியாவிடம் நீட்டினாள்.

தாழையின் முள் இலை ஒன்றில், ஆள் நெஞ்சு உயரத்தில், ஒரு பச்சை முடிச்சு. அதற்கு உள்ளே, பத்தடி தள்ளி, இன்னொன்று. மூன்றாவது இலைகளுக்கு நடுவே ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

லியாவ் குனிந்து அவள் பையின் கைப்பிடியைப் பார்த்தார். நாடாவின் நுனி நேராக வெட்டியதல்ல; கடித்துக் கிழித்தது.

"இந்த நாடா யார் யார்கிட்ட இருக்கும்?" என்றார்.

"இவன்கிட்டயும் இருக்கலாமேண்ணே. கம்பெனி வண்டிதானே."

"இருக்கட்டும். இவன் எங்க பொறந்தான்?"

"இந்த ஊர்லதான்." அவள் ஒரு கணம் யோசித்தாள். "உங்க வீட்டுக் கழிப்பறைக்கு வழி தெரிய நீங்க நாடா கட்டுவீங்களா?"

"அதான் கேக்கறேன்."

மத்தியானச் சாப்பாடு வழிகாட்டியின் வீட்டு முன்வாசலில். அதுவும் சுற்றுலாவில் சேர்ந்தது. அவன் மனைவி சினான் மனாயிக் சேப்பங்கிழங்கும் மீனும் பரிமாறினாள். முற்றத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாக உட்கார்ந்து கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து குழந்தைகள் விளையாடின. இது அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

லிசின் ஒரு கறுத்த மீனைத் தன் தட்டுக்கு இழுத்தாள். சினான் மனாயிக் அதைத் திரும்ப இழுத்தாள்.

"அது ஆம்பளைங்க மீனு. உனக்கு இது."

"எது நல்லாருக்கும்?"

"உன்னுது. அது நாறும், அதனாலதான் ஆம்பளைங்களுக்கு."

"அண்ணே, எனக்கு இந்தத் தீவைப் பிடிச்சிருக்கு," என்றாள் லிசின்.

மற்றவர்கள் கைகழுவப் போனதும் லியாவ் கடிதத்தை எடுத்தார். எல்லாவற்றையும் மறைத்து, பெயர் இருந்த ஒரு வரியை மட்டும் அவளிடம் காட்டினார். "இது யாரு?"

அவள் படித்தாள். உடனே அந்தப் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இதை யாரு எழுதினது?"

"யாருடைய பேரு?"

"அவரோடதுதான். முன்னாடி." குழந்தை கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "பொண்ணு பொறந்தப்புறம் அந்தப் பேரைச் சொல்றது மூஞ்சியில துப்பறது மாதிரி. அவளை இல்லைன்னு சொல்றது மாதிரி."

"ஊர்ல கோவமா இருக்காங்களே. கோவத்துல யாராவது…"

"கொலை பண்ற கோவம் வந்தாலும் இப்படிக் கூப்பிட மாட்டாங்க. எங்க ஆளு யாரும் இதை எழுதியிருக்க முடியாது."

"வண்டியில வர்றவங்க?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு சொல்லவே மாட்டாரே."

லியாவ் கடிதத்தை வாங்கி மடித்தார். உள்ளூர்க்காரனுக்கு இந்தப் பெயர் தெரியும், எழுத மாட்டான். பயணிக்கு எழுதத் தடையில்லை, ஆனால் பெயரே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒருத்தன் இருந்தாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் இவனைத் தெரிந்துகொண்டு, அதோடு நிறுத்திக்கொண்டவன்.

"விட்டுட்டுப் போன பழைய காதலி?" என்றாள் லிசின்.

சினான் மனாயிக் லிசினின் தட்டில் இருந்த மீனைத் திரும்ப எடுக்கப் போவதுபோலப் பார்த்தாள். லிசின் அதை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் கலங்கரை விளக்கம், குளிர்ந்த ஊற்று, தண்ணீருக்குள் பாதி மூழ்கிய ஒரு பழைய சரக்குக் கப்பல். லியாவ் எதையும் பார்க்கவில்லை. காலையிலிருந்து வயிற்றில் இருந்த குமட்டல் இப்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. கடலில் வந்தது கரையில் இறங்கியதும் போயிருக்க வேண்டும்.

நாலரைக்குப் படகுக் கொட்டகை முன்னால் இருபது பேர் கூடியிருந்தார்கள். நடுவில், படகில் மூத்தவரான ஸ்யாபென் லமித். பெண்கள் தள்ளி நின்றார்கள். ஸ்யாமன் மனாயிக்கை அருகில் விடவில்லை. நூறடி தள்ளி, தன் வேனில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேய் புதுத் தொப்பியோடு வந்து லியாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"சொல்லுங்க லியாவ் சார். இவங்களுக்கும் சாயங்கால வேலை இருக்கும்."

"இடுகாட்டுக்குள்ள போனவங்க இவரோட கம்பெனியில வந்தவங்கதான். சந்தேகமே இல்ல," என்றார் லியாவ்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வேய் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"ஒரே ஒரு விஷயம் பாக்கி. அவரையும் பக்கத்துல கூப்பிட்டுடலாம். நீங்களே ஒரு போன் போடுங்க, வேய் சார். முதலாளி கூப்பிட்டா வந்துடுவாரு."

"எதுக்கு, கத்தினா கேக்கும்."

"போன் போடுங்க."

வேய் தோளைக் குலுக்கிவிட்டுக் கைபேசியை எடுத்து அழுத்தினார். நூறடிக்கு அந்தப் பக்கம் வேனுக்குள் மணி அடித்தது. லிசின் ஒரு எட்டு முன்னால் வந்து, வேயின் மணிக்கட்டைப் பிடித்து, திரை ஸ்யாபென் லமித்தின் முகத்துக்கு நேராக வரும்படி திருப்பினாள்.

"பாத்துச் சொல்லுங்க பெரியவரே. யாருக்குப் போன் போகுது?"

கிழவர் திரையைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி மணலில் துப்பினார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, அவரும் துப்பினார்.

"என்ன இது, கையை விடு," என்றார் வேய்.

"சி வாகாத்," என்றார் லியாவ். "மன்னிக்கணும், ஒரு தடவை சொல்லித்தான் ஆகணும். உங்க போன்லயும் அதான் இருக்கு, நீங்க குடுத்த லெட்டர்லயும் அதான் இருக்கு. இந்த ஊர்ல யாரும் அதை எழுத மாட்டாங்க. வெளியூர்ல இருந்து வந்தவன் யாருக்கும் அது தெரியாது."

"பத்து வருஷம் முன்னாடி வேலைக்குச் சேத்தப்ப போட்டு வச்சது! அப்படியே கிடக்குது. அதுக்கென்ன இப்போ?"

"மாத்தல."

"எதுக்கு மாத்தணும்? நான் மூணுன்னுதானே கூப்பிடறேன்."

"லெட்டர் எழுதினவனும் மாத்தல."

வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்யாமன் மனாயிக் நடந்து வந்துகொண்டிருந்தான். யாரும் அவனை நிறுத்தவில்லை.

லிசின் தன் பையைத் தூக்கிப் பச்சை நாடாவைக் காட்டினாள்; அடுத்து கைபேசியில் தாழை இலையின் படத்தை. "வழி தெரியாதவன் கட்டினது. இடுப்புப் பையைத் தொறந்து காட்டுங்க சார், சுருள்ல மிச்சம் இருக்கா பாக்கலாம். கடிச்ச நுனி அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. பல்லை நாங்க பாக்க வேணாம், ஊர்க்காரங்க பாத்துக்கட்டும்."

வேய் இடுப்புப் பையின் மேல் கையை வைத்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் கத்தவில்லை, யாரும் நெருங்கவில்லை. எல்லாரும் அவரிடமிருந்து ஒரு எட்டு பின்வாங்கியிருந்தார்கள், தெருவில் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் விலகுவது போல.

"என்னவோ கொலை பண்ணிட்ட மாதிரி," என்றார் அவர். "காட்டுக்குள்ள கிடக்கற எலும்பு. பேய்னா ஜனங்களுக்குப் பிடிக்குது, கேக்கறாங்க, காட்டினேன். எட்டுப் பேரு, அரை மணி நேரம். யாருக்கு நஷ்டம்? அந்தப் பொண்ணு டம்ளரை எடுத்துட்டு வந்திருந்தா இவங்களுக்குத் தெரியக்கூடத் தெரிஞ்சிருக்காது."

ஸ்யாமன் மனாயிக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டான். "அந்தக் கல்லுக்குக் கீழ கிடக்கறவரு என் சித்தப்பா," என்றான்.

வேய் லியாவின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கூலி குடுத்தது நானு!"

"ஆமா," என்றார் லியாவ். "காலையில இருந்து அதை நினைச்சாத்தான் குமட்டுது."

வேய் மறுநாள் காலைக் கப்பலில் போனார். துறைமுகம் வரை அவரை ஏற்றிக்கொள்ள எந்த வண்டியும் நிற்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார். தைச்சுங் தம்பதி அதே கப்பலில், தங்களுக்கு ஒரு பாறை குறைத்துக் காட்டப்பட்டதாக ஊழியரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லியாவ் ஒரு காகிதப் பையை வாங்கிக்கொண்டு, அவர்கள் கண்ணில் படாத பக்கமாகப் போய் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம், இடுகாட்டு ஆவிகள் அண்டாதபடி பிரம்புக் கவசம் போட்டு, ஈட்டி பிடித்து, ஊர் ஆண்கள் மூன்று பேர் தாழைக் காட்டுக்குள் போய் நாடாக்களை அவிழ்த்து எடுத்தார்கள். பதினொன்று இருந்தன. கிழக்கு ஊரின் கரையில் சுற்றுலா வேன்கள் நிற்பது அன்றோடு நின்றது.

மார்ச் 27, திங்கட்கிழமை மாலை ஐந்தேமுக்காலுக்குப் பெரிய படகு கடலில் இறங்கியது. அதில் பத்துப் பேர் இருந்தார்கள்.